கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் விழாவில், இரண்டாம் தளத்தில் வசிக்கும் கல்லூரி மாணவி பேசியதன் எழுத்து வடிவம்.)



செயலாளர் அக்கா எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஒரு கல்லூரி மாணவியின் கனவு'. கனவு என்று தலைப்பு வைத்தால் அப்துல் கலாம் ஐயா பெயரைச் சொல்லாமல் யாரும் இறங்குவதில்லை. நான் இப்போதே சொல்லிவிட்டேன். இனி நம் புதுக்கோட்டைக்காரர்கள் சிலரைப் பற்றிப் பேசுகிறேன். நடுவில் என் வீட்டு விஷயமும் வரும். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அதனால் சர்க்கரைப் பொங்கல் வாங்கியவுடன் யாரும் லிஃப்ட் பக்கம் போய்விடாதீர்கள்.

சாயங்காலம் இரண்டாம் தளத்திலிருந்து 'சில் சில்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அது எங்கள் வீட்டிலிருந்துதான் வருகிறது. பி பிளாக் சின்னப் பையன் ஒருவன், "அக்கா, அது சர்ச்ல வாசிக்கிற டாம்பரின்தானே?" என்று கேட்டான். பார்க்க அப்படித்தான் இருக்கும். இது கஞ்சிரா. பலா மரத்தில் கடைந்த ஒரு வளையம், ஏறக்குறைய ஒரு சாண் அகலம். ஒரு பக்கம் தோல் ஒட்டியிருக்கும், மறு பக்கம் திறந்திருக்கும். மரத்தில் ஒரு வெட்டு, அதற்குள் காசு மாதிரி சில வில்லைகள். இடது கையில் பிடித்து வலது கையால் வாசிக்க வேண்டும். பிடித்திருக்கும் கையும் சும்மா இருக்காது. அந்த விரல்கள் தோலை அழுத்த அழுத்த, சத்தம் ரப்பர் மாதிரி வளையும்.

வாசிப்பதற்கு முன்னால் நான் கஞ்சிராவுக்குள் தண்ணீர் தடவுவதைப் பார்த்துவிட்டு, சாமிக்குத் தெளிக்கிறாள் என்று நினைத்தவர்களும் உண்டு. நான் இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், அதனால் இதை மட்டும் விளக்கிவிடுகிறேன். காய்ந்த தோல் விறைப்பாக இருக்கும், சத்தம் கீச்சென்று மேலே போகும். தண்ணீர் பட்டால் தோல் தளரும், கனமும் கொஞ்சம் கூடும். இரண்டும் சேர்ந்து சுருதியைக் கீழே இறக்கும். வாசிக்க வாசிக்கத் தோல் காயும், சத்தம் மறுபடி ஏறும். அதனால்தான் கச்சேரியில் கஞ்சிராக்காரர் பக்கத்திலேயே ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு மாமா அம்மாவிடம் மெதுவாக விசாரித்தாராம். இந்த வாத்தியத்துக்குக் காலகாலமாக உடும்புத் தோல்தான் போட்டார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு பாதுகாக்கப்பட்ட விலங்கு. என்னுடையது ஆட்டுத்தோல்.

பஜனையில் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்த இந்தச் சின்ன வளையத்தைப் பெரிய கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனவர் நம் ஊர்க்காரர். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பெயர் பெற்றவர். அரண்மனையில் விளக்குப் பார்க்கும் வேலையில் இருந்தவர், தவில் கற்றுக்கொண்டவர் என்று சொல்வார்கள். தவிலிலும் மிருதங்கத்திலும் இரண்டு கை வாசிப்பதை இவர் ஒரு கையில் வாசித்துக் காட்டினார். அவரிடமிருந்து வந்த கணக்கும் வாசிப்பும்தான் இன்றைக்கும் மிருதங்க உலகத்தில் 'புதுக்கோட்டை வழி' என்று சொல்லப்படுகிறது. தஞ்சாவூர் வழி என்று ஒன்று, புதுக்கோட்டை வழி என்று ஒன்று. வெளியூரில் போய் "எங்க ஊர் புதுக்கோட்டை" என்று சொன்னால் "திருச்சி பக்கமா?" என்று கேட்கிறார்கள். மிருதங்கம் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

மான்பூண்டியா பிள்ளையின் சீடர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெரிய பெயர் எடுத்தவர். இன்னொருவர் பழனி முத்தையா பிள்ளை. இந்த முத்தையா பிள்ளையின் மகன்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை. பிறந்தது 1908. நான் முக்கியமாகப் பேச வந்தது இவரைப் பற்றித்தான்.

அப்பா பெரிய வித்வான். வீடு முழுக்க லயம். இதைவிட வேறு என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் பையனுக்கு இடது கைப் பழக்கம். மிருதங்கத்தில் வலந்தலை, தொப்பி என்று இரண்டு பக்கம். எல்லாரும் வலந்தலையை வலது கையால் வாசிக்க, இவருக்கு இடது கைதான் வந்தது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. இது மேடைக்கு ஆகாது என்று நினைத்து மூத்த மகனுக்கே அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தார், சின்னவரைத் தள்ளியே வைத்தார் என்று சொல்வார்கள். பையன் அங்கே நடப்பதைக் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டாராம். பிறகுதான் அப்பா மனம் மாறினார்.

அந்த அப்பாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பயந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் வீட்டில் இல்லை, மேடையில் இருந்தது.

கச்சேரி மேடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நடுவில் பாடகர் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி. இப்படி உட்கார்ந்தால்தான் மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்கும், நாதம் நமக்கு நன்றாக வந்து சேரும். இடது கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் வலந்தலை பின்சுவரைப் பார்க்கும். அவர் பாடகருக்கு இடப்பக்கம் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே வயலின் வித்வான் இருக்கிறார். அவர் எழுந்து இந்தப் பக்கம் வர வேண்டும். ஆக, இந்தப் பையன் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் போதாது, இன்னொருவர் இடம் மாறி உட்கார வேண்டும். பெரிய வித்வான்கள் எதற்காக மாறுவார்கள்? மாறச் சம்மதிக்காதவர்கள் இருந்தார்கள், அதனாலேயே அவருக்குக் கச்சேரிகள் போயின என்று சொல்வார்கள்.

அப்போது ஒருவர் மாற வைத்தார். செம்பை வைத்தியநாத பாகவதர். வயலின்காரரை வலப்பக்கம் உட்காரச் சொல்லி, பழனியைத் தன் இடப்பக்கம் உட்கார வைத்துப் பாடினார். அப்போதே செம்பை பெரிய பாடகர், அவர் சொன்னால் கேட்பார்கள். அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். பழனியும் பாலக்காடு மணி ஐயரும் ஒரே காலத்தில் மிருதங்கத்தின் இரண்டு சிகரங்களாக இருந்தார்கள். பழனி கஞ்சிராவும் வாசிப்பார். 1962இல், 54ஆவது வயதில் காலமானார். அந்தக் கையின் பழைய ஒலிப்பதிவுகள் இன்றைக்கும் கிடைக்கின்றன. பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். அவர் தட்டாமல் விட்டுவைக்கிற இடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அப்பா பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அதனால் பார்த்துத்தான் பேச வேண்டும்.

அப்பா உரக்கடையில் கணக்கு எழுதுகிறார். வீட்டுக் கடன் ஓடுகிறது, தம்பி பிளஸ் டூ. "பி.எஸ்ஸி. முடிச்சிட்டு பி.எட். போம்மா, இல்லேன்னா குரூப் ஃபோருக்குப் படி. கொட்டு எங்கேயும் ஓடிடாது" என்கிறார். எனக்கு ஆசை, டிகிரி முடித்தவுடன் திருவையாறு அரசு இசைக் கல்லூரிக்குப் போய் முறையாகப் படிக்க வேண்டும் என்று. அப்பாவின் கேள்வி ஒன்றே ஒன்று: இதை வைத்துச் சாப்பிட முடியுமா?

நான் பதிலுக்குத் திருச்சி சங்கரன் பெயரைச் சொல்வேன். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர். 1971இல் கனடாவில், டொராண்டோ நகரத்து யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் மிருதங்கம் கற்றுக்கொடுத்தார். 2011இல் சங்கீத கலாநிதி. நம் ஊர்க் கணக்கு பனி கொட்டுகிற ஊரில் பாடத்திட்டமாக இருந்தது. அப்பா இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, அவரு ஒருத்தரு. மத்தவங்க?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. கச்சேரி வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பக்கவாத்தியக்காரருக்கு வருவது மாதச் சம்பளம் இல்லை. அப்பா கணக்கு எழுதுகிறவர், அவர் கூட்டல் சரிதான். நான் கேட்பதெல்லாம் இன்னும் இரண்டு வரி சேர்த்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லித்தான். இசை ஆசிரியர் வேலை ஒரு வரி. காலையில் வேலை, மாலையில் வாசிப்பு என்று வாழ்கிற கலைஞர்கள் இன்னொரு வரி.

அம்மா இதில் எந்தக் கட்சி என்று இன்றுவரை தெரியவில்லை. அப்பத்தா மட்டும் என் கட்சி. அப்பத்தாவுக்கு ஆதி தாளம் தெரியாது, ரூபகம் தெரியாது. ஆனால் ஊரில் ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போட்டு நெல் குத்தியவர். ஒரு நொடி பிசகினால் உலக்கையோடு உலக்கை மோதும், இல்லையென்றால் உள்ளே அள்ளிவிடுகிறவளின் கை போகும். நான் விளம்ப காலத்தில் ஒரு பாடம் வாசித்துக்கொண்டிருந்தபோது அப்பத்தா வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "மேல போன உலக்கை கீழ வர நேரம் வேணும்ல. அந்த நேரத்தையும் சேத்து எண்ணு." எந்தப் பாடப் புத்தகத்திலும் விளம்ப காலத்தை இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் வித்வான் யாரும் இல்லை என்று அப்பா சொல்லும்போதெல்லாம் நான் அப்பத்தாவைத்தான் பார்ப்பேன்.

பொம்பளைப் பிள்ளைக்குக் கொட்டு எதற்கு என்று கேட்கிறவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். இருந்தால் அவர்களுக்கு ஒரு தகவல். திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள். நாம் மியூசியம் பார்க்கப் போகிற அதே திருக்கோகர்ணம். தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் கற்று, பெண்கள் அந்த வாத்தியத்தைத் தொடாத காலத்தில் மேடையில் வாசித்தவர். நம் ஊரில் நான் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை.

இன்னொரு பெண்ணின் கதை நேர் எதிர்த் திசையில் போகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இங்கே இருக்கிற அக்காமார் பலருக்கு மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பெயராகத் தெரிந்திருக்கும். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய அம்மா சந்திரம்மாள், கோயிலில் ஆடிப் பாடுகிற மரபில் வந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். இசை அந்த வீட்டில் பிறப்போடு வந்தது, ஆனால் மகள் விரும்பியது படிப்பு. நம் மன்னர் கல்லூரியில்தான் இடம் கேட்டார். பையன்கள் படிக்கிற இடத்தில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு. மற்ற பிள்ளைகளின் பெற்றோர்கூட எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் டாக்டர். பிறகு சட்டசபை. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார், 1947இல் சட்டம் வந்தது. அதை எதிர்த்தவர்களில் பெங்களூர் நாகரத்தினம்மாள் மாதிரிப் பெரிய கலைஞர்களும் இருந்தார்கள். அந்த மரபோடு தங்கள் கலையும் மரியாதையும் போய்விடும் என்று அவர்கள் பயந்தார்கள். இரண்டு பக்கமும் வலி இருந்தது, அதைத் தீர்ப்புச் சொல்கிற வயது எனக்கு இல்லை. நான் கவனித்தது ஒன்றுதான். இசை வீட்டில் பிறந்தவர் மருத்துவத்துக்குப் போனார், விளக்குப் பார்த்தவர் இசைக்கு வந்தார். இரண்டு பேருக்கும் வீட்டைத் தாண்டி வெளியே யாரோ ஒருவர் வழிவிட வேண்டியிருந்தது.

அந்த வெளியே இருக்கிறவர்கள் இப்போது எனக்கு நீங்கள்தான். அதனால் வாட்ஸ்ஆப் குழு விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் குழுவில் ஒருவர், "சாயங்கால கொட்டுச் சத்தத்தை நிறுத்தச் சொல்லவும்" என்று போட்டிருந்தார். கீழே பதினோரு கட்டைவிரல். நான் எண்ணினேன். கோபம் வந்தது உண்மை. ஆனால் மறுநாள் யோசித்துப் பார்த்தால் அவர்கள் பக்கமும் புரிந்தது. நம் கட்டடத்தில் சுவர்கள் மெல்லிசு. இரவு வேலை முடிந்து பகலில் தூங்குகிற செவிலியர் அக்கா இருக்கிறார், பொதுத்தேர்வுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், மூன்றாம் தளத்துத் தாத்தாவுக்கு ரத்த அழுத்தம். கஞ்சிராவின் சில்லு ஒலி மிக்ஸி மாதிரி ஒரு நிமிடத்தில் நிற்பதில்லை, ஒரே பாடத்தை நூறு தடவை வாசிப்பதுதான் சாதகம். கச்சேரியைக் கேட்பது சுகம், சாதகத்தைக் கேட்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தண்டனை.

அன்றிலிருந்து நான் பாதிச் சாதகத்தை வாயால் செய்கிறேன். சொற்கட்டு என்று அதற்குப் பெயர். த க தி மி என்று கையில் தாளம் போட்டுச் சொல்வது. இன்னும் கொஞ்சம் தலையணையில். ஆனால் தோலில் விரல் பட்டால்தான் கைக்கு நாதம் வரும், தலையணை திருப்பிப் பேசாது.

போன மாதம் எங்கள் வீட்டில் எல்லாரும் குடுமியான்மலை போயிருந்தோம். இங்கிருந்து 20 கிலோமீட்டர் இருக்கும். போகாதவர்கள் கட்டாயம் போய் வாருங்கள், பிரகாரத்துச் சிற்பங்களுக்காகவே போகலாம். அங்கே மேலைக்கோயில் என்கிற குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் எழுத்து வெட்டியிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ கிரந்த எழுத்து. என்ன என்று பார்த்தால், முழுக்க ஸ்வரம்! ஏழு பண்களுக்கு ஏழு பகுதி, நான்கு நான்கு ஸ்வரமாகக் கோத்து எழுதியது. முடிவில், ருத்ராசாரியாரின் மாணவனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாக வருகிறது. அரசன் பெயர் அதில் இல்லை. மகேந்திரவர்மன் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள், ஆய்வாளர்களுக்குள் இன்னும் அதில் சண்டை தீரவில்லை. எனக்கு அந்தச் சண்டையைவிட இடம்தான் ஆச்சரியம். ஓலையில் எழுதிப் பெட்டியில் பூட்டவில்லை. கோயிலுக்கு வருகிற போகிற எல்லாரும் நடக்கிற இடத்தில், பொதுச் சுவரில் சாதகப் பாடம். அப்பா அந்தப் பாறைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றிருந்தார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது காரில், "ஏழுக்கு எத்தனை நாலு?" என்று மட்டும் கேட்டார். கணக்குக்காரர் இல்லையா.

இனி நான் கேட்க வந்தது.

தரைத்தளத்தில் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் பழைய ஜெனரேட்டர் அறை சும்மா பூட்டிக் கிடக்கிறது. உள்ளே உடைந்த நாற்காலிகளும், இரண்டு வருடத்துக்கு முந்தைய விநாயகர் சதுர்த்திப் பந்தல் துணியும்தான் இருக்கின்றன. அந்தத் துணியையே சுவரில் மாட்டினால் அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறையும், அதற்குக் காசு செலவில்லை. தினமும் மாலை 5 மணியிலிருந்து 6 மணி வரை அந்த அறையைத் திறந்துவிட்டால் போதும். மார்ச்சில் பொதுத்தேர்வு முடியும்வரை நான் அங்கேயும் வாசிக்க மாட்டேன், என் தம்பிக்கும் அதுதான் நல்லது. அறையைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. மின்விளக்குக்கு ஆகிற காசைப் பராமரிப்புக் கணக்கில் எங்கள் வீட்டுப் பெயரில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை, இப்போது கேட்டுக்கொண்டிருப்பார்.

அறை எனக்கு மட்டும் வேண்டாம். ஏ பிளாக்கில் ஒரு பையன் கீபோர்டு வைத்துக்கொண்டு காதில் ஹெட்போன் மாட்டியே வாசிக்கிறான். முதல் தளத்து ஆன்ட்டி கல்யாணத்துக்கு முன்னால் வீணை வாசித்தவர், அந்த வீணை பரணில் இருக்கிறது என்று அவரே சொன்னார். நேரம் பிரித்துக்கொள்ளலாம்.

வருகிற செயற்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதினோரு பேரும் கூட்டத்துக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. 5 மணி ஒத்துவராது என்றால் எந்த நேரம் ஒத்துவரும் என்று சொல்லுங்கள், நான் மாற்றிக்கொள்கிறேன். கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன், செயலாளர் அக்கா இதோ. சாவி வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கிறதாம், கேட்டு வைத்துவிட்டேன்.

பொங்கல் ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்.